நம் கடலின் வினோதப் பிராணிகள்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"விலங்குகளின் வினோதத் தகவமைப்புகள்" பற்றிப் பேசச் சொன்னார்கள். அப்படிச் சொன்னதுமே நம் பிள்ளைகளுக்கு ஆப்பிரிக்காதான் ஞாபகம் வரும். ஒட்டகச்சிவிங்கியின் அத்தனை நீளக் கழுத்தில் ஏழே எலும்புகள், நமக்கு இருக்கிற அதே ஏழு என்பது வரை தெரிந்து வைத்திருக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் கடலாடியிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்ச் சேரக்கூடிய கடலில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "மீன் இருக்கு சார்" என்கிறார்கள். அதனால் நான் ஆப்பிரிக்காவை விட்டுவிட்டு நம்ம ஊர் கடலுக்கே வருகிறேன்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. 1986-இல் அவற்றைச் சேர்த்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 1989-இல் சுற்றியுள்ள 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தக் கடலின் பிராணிகளில் மூன்றையும், கண்மாய்ப் பறவை ஒன்றையும் மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஆவுளியா. புத்தகத்தில் கடல் பசு என்று போட்டிருக்கும். சுமார் மூன்று மீட்டர் நீளம், நானூறு கிலோ எடை. மீன் மாதிரி இருக்கும்; மீன் இல்லை. குட்டி போட்டுப் பால் கொடுக்கும். உயிருடன் இருக்கும் விலங்குகளில் இதற்கு நெருங்கிய சொந்தம் டால்பின் அல்ல, இதன் இனத்தைச் சேராதவற்றில் யானைதான்! வளர்ந்த ஆணுக்குச் சின்னதாகத் தந்தம்கூட உண்டு.

இதன் ஆகாரம் கடற்புல். சாயல்குடி, ஏர்வாடிப் பக்கம் நம் பெண்கள் முங்கி எடுக்கிறார்களே, அந்தப் பாசி வேறு. இது பூத்துக் காய்க்கும் நிஜமான புல். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோ புல்லை மேயும். மேய வேண்டுமானால் தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும். நாம் காற்றை இழுத்துக்கொண்டு முங்கினால் மேலே மிதப்போம் அல்லவா? ஆவுளியாவுக்கு அந்தச் சிரமம் இல்லை. விலா எலும்புகள் உள்ளே மஜ்ஜைக் குழி இல்லாமல் கெட்டியாக, கனமாக இருக்கும். முங்குபவன் இடுப்பில் ஈயக்குண்டு கட்டிக்கொள்வது போல, இது பிறக்கும்போதே எடையைக் கட்டிக்கொண்டு பிறக்கிறது. நுரையீரலோ முதுகு நெடுக நீண்டு கிடக்கும். அதனால் தலையும் வாலும் சமமாக நின்று நிதானமாக மேய முடியும். வாய் கீழ்நோக்கி மடிந்திருக்கும். மூக்குத் துவாரம் முகத்தின் உச்சியில் இருக்கும். முங்கும்போது மூடி போட்டாற்போல அடைத்துக்கொள்ளும்.

இத்தனை இருந்தும் சில நிமிஷத்துக்கு ஒருதரம் மேலே வந்து மூச்சு விட்டே ஆக வேண்டும். திருக்கை வலையில் மாட்டிக்கொண்டால் மேலே வர முடியாது. மீன் வலையில் கிடந்தாலும் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும், ஆவுளியா மூச்சு முட்டிச் செத்துப்போகும். பதின்மூன்று, பதினான்கு மாசம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்கு மூன்றிலிருந்து ஏழு வருஷம் ஆகும். ஒரு தாய் போனால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். நம் நாட்டில் மிஞ்சியிருப்பவை சுமார் 200 என்பது விலங்கியலாளர்கள் பலரும் சொல்லும் மதிப்பீடு.

இதன் பெரியப்பா மகன் ஒருவன் வடக்கே பேரிங் கடலில் இருந்தான். எட்டு மீட்டர் நீளமான ஸ்டெல்லர் கடல் பசு. 1741-இல் விஞ்ஞானிகள் கண்ணில் பட்டது. 1768-க்குள் வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள். வெறும் 27 வருஷம்!

இரண்டாவது கடல் அட்டை. பார்ப்பதற்கு வெள்ளரிக்காய் மாதிரி மண்ணில் கிடக்கும். மூளை என்று ஒன்று கிடையாது. மூச்சு விடுவது ஆசன வாய் வழியாக. சிரிக்காதீர்கள், நிஜம். அந்த வழியாகவே உள்ளே போய்க் குடியிருக்கும் மீன்கூட உண்டு! எதிரி நெருக்கினால் சில வகை அட்டைகள் தன் குடலையே வெளியே தள்ளிவிடும். எதிரி அதைத் தின்று கொண்டிருக்கும்போது இது தப்பிக்கும். உள்ளே புதுக் குடல் மறுபடி வளர்ந்துவிடும். வயல் மண்ணுக்கு மண்புழு எப்படியோ, கடல் மண்ணுக்கு இது அப்படி. மண்ணைத் தின்று, அழுகலைச் செரித்து, சுத்தமான மண்ணை வெளியே விடும்.

ஆனால் இதற்கு ஓடத் தெரியாது. குனிந்து எடுத்தால் கையோடு வந்துவிடும். வேகவைத்து உலர்த்திச் சீன வியாபாரத்துக்கு அனுப்பிப் பிழைத்த குடும்பங்கள் நம் கரையில் ஏராளம். 2001-இல் மத்திய அரசு இதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தது. நேற்று வரை தொழில், இன்று குற்றம் என்றானது. அக்கரையில் இலங்கையிலோ உரிமம் வாங்கி எடுக்கலாம், பண்ணையிலும் வளர்க்கலாம். ஒரே கடல், இரண்டு சட்டம். தூத்துக்குடியில் நம் விஞ்ஞானிகள் 1988-லேயே இதன் குஞ்சுகளைச் செயற்கையாகப் பொரிக்க வைத்துக் காட்டினார்கள். அந்த வித்தை அட்டையையும் காப்பாற்றி, முங்கிப் பிழைத்தவன் அடுப்பையும் எரிய வைக்க உதவுமா என்று படித்த நாம்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது பங்குனி ஆமை. முட்டையிடக் கரையேறும்போது கண்ணீர் விடும். பிரசவ வலியில் அழுகிறது என்பார்கள் நம் பாட்டிமார். உண்மையில் அது உப்புத் தண்ணீர். உடம்பில் சேர்ந்த உப்பைக் கண்ணோரச் சுரப்பி வெளியேற்றுகிறது. அதைவிட வினோதம், குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். பூமி சூடாகிக்கொண்டே போனால் ஆண் ஆமைக்கு எங்கே போவது? பொரித்த குஞ்சு, வெளிச்சமாகத் தெரிகிற திசைதான் கடல் என்று நம்பி ஓடும். கரையில் நாம் போடும் விளக்கு அதை ரோட்டுப் பக்கம் இழுத்துவிடுகிறது.

கடலாடித் தாலுகாவில் கடலுக்குப் போகாமலே பார்க்கக்கூடியது ஒன்று சொல்கிறேன். மேலச்செல்வனூர் - கீழச்செல்வனூர் கண்மாய்க்குப் போங்கள். 1998-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த இடம். அங்கே வரும் மஞ்சள் மூக்கு நாரை, கலங்கல் தண்ணீரில் அலகைப் பாதி திறந்து வைத்தபடி நடக்கும். மீன் அலகில் பட்டதுமே சட்டென்று மூடும். கண்ணே தேவையில்லை! ஆனால் கண்மாயில் தண்ணீர் வேண்டும். நம் விவசாயிக்கு எந்த மழை வேண்டுமோ, அதே மழைதான் அதற்கும்.

யோசித்துப் பாருங்கள். கனத்த எலும்பு, குடலைத் தள்ளும் தந்திரம், வெளிச்சம் நோக்கிய ஓட்டம் எல்லாமே லட்சக்கணக்கான வருஷம் இந்தப் பிராணிகளைக் காப்பாற்றியவை. நைலான் வலையும் மின்விளக்கும் வந்து அதிக காலம் ஆகவில்லை. அதற்குள் மாறிக்கொள்ள அவற்றால் முடியாது. மாற வேண்டியது நாம்தான்.

2022-இல் தமிழக அரசு பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாக் காப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே முதலாவது. வலையில் சிக்கியதை விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதியும் கொடுத்து வருகிறது. ஆனாலும் நடுக்கடலில் கத்தியை எடுத்துத் தன் வலையைத் தானே அறுக்கிறவனின் மனசை நினைத்துப் பாருங்கள். கடன் வாங்கிப் போட்ட வலை அது!

எனவே இரண்டே வேண்டுகோள். சங்க நண்பர்களே, அப்படி வலையை அறுத்துவிட்டுக் கரைக்கு வரும் நம் பகுதி மீனவருக்குக் கைகொடுக்க ஒரு சிறு நிதி ஆரம்பிப்போம். நம்மில் பலர் அந்த வீடுகளிலிருந்துதான் படிக்க வந்தோம். தம்பி தங்கைகளே, கரையில் ஆமையோ ஆவுளியாவோ ஒதுங்கினால் தேதி, இடம், நீளம் எழுதி வையுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். விலங்கியல் துறையில் அதற்கென ஒரு நோட்டு இருக்கட்டும். பத்து வருஷம் கழித்து அந்த நோட்டைப் போல ஒரு புத்தகம் எந்த நூலகத்திலும் கிடைக்காது.