டிபரன்ஷியலில் நான் செய்த தப்பு

தம்பி தங்கைகளே, நம்ம லேபில் வெட்டி வைத்திருந்த டிபரன்ஷியல் ஞாபகமிருக்கா? ஒரு சக்கரம் வழுக்கினால், பிடிப்புள்ள மற்றதுக்கும் அதே அற்ப விசைதான் போகும்.

டெட்ராய்ட்டில் நான் தினம் ஓட்டிய 1.8 லிட்டர் மஸ்டா மியாட்டாவுக்குப் பின்சக்கர இயக்கம். பனியில் திணறியது. வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிபரன்ஷியல் போடலாமென்று, ரேஸ் ஆசையில் கிளட்ச் தட்டு வகையை மாட்டினேன். பார்க்கிங்கில் திருப்பினாலே கடகட சத்தம்; தனி எண்ணெய்; தட்டுத் தேய்மானம் வேறு. ஒருநாள் ஈர வளைவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் இரண்டு பின்சக்கரமும் சேர்ந்தே வழுக்கி, வண்டி வீசிற்று. பக்கத்தில் என் மகள்!

மறுவாரமே கழற்றிவிட்டு, 1994-ல் மஸ்டாவே விருப்பத் தேர்வாகக் கொடுத்த டார்சனைப் போட்டேன். பல்சக்கரங்கள்தான், சத்தமில்லை, பிடிப்பும் மெதுவாக ஏறும். ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால் இதுவும் கைவிடும். அப்போ ஹேண்ட்பிரேக்கை லேசா இழுத்துப் பாருங்க. பனி டயர் வாங்கினீங்களான்னு கேட்காதீங்க, அதைத்தான் முதலில் வாங்கியிருக்கணும்!