மூளைப் படமும் வைத்தியர் வாய்ச்சொல்லும்

(காத்திவாக்கத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்கு இன்று அளிக்கப்பட்ட விஷயம் முதுமையில் வரும் மறதி நோயைச் சார்ந்தது. அந்நோயின் இயல்பு முழுவதையும் விரித்துரைக்க நான் வைத்தியன் அல்லேன். ஸ்கேன் என்று நாம் வழங்கும் மூளைப் படத்தை எடுத்த பின்னர், அதில் கண்டதை வைத்தியர் யாரிடம் சொல்லுகிறார், எவ்விதம் சொல்லுகிறார், நாம் அதனை எவ்விதம் கேட்டுக்கொள்ளுகிறோம் என்னும் ஒன்றை மாத்திரமே பேச விரும்புகிறேன்.

நமது நாட்டில் அறுபது வயதிற்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 7.4 பேர் இந்நோயால் பீடிக்கப்பட்டிருப்பதாக 2023ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி கணக்கிட்டது. தொகையாகச் சொன்னால் சுமார் 88 லட்சம் பேர். நம் குலத்தார் மட்டும் இதற்கு விலக்காக இருத்தல் இயலாது. ஆயினும் நமது வீடுகளில் இதனை வாய்விட்டுச் சொல்லுவோர் மிகச் சிலரே.

நம் பகுதியில் வழக்கமாக நடப்பது இதுதான். 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்திலோ, வேறு தொழிற்சாலையிலோ, கடலிலோ உழைத்து ஓய்ந்த ஒரு பெரியவர், கடைக்குச் சென்றவர் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கிறார். “வயதானால் அப்படித்தான்” என்று இரண்டு வருஷம் கழிகிறது. பின்னர் ஒரு நாள் மகன் அவரை ரயிலேற்றி அழைத்துச் செல்லுகிறான். படம் எடுக்கப்படுகிறது. வைத்தியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, மகனைப் பார்த்து, “மூளை சுருங்கியிருக்கிறது, வயதாகிவிட்டதல்லவா? இந்த மாத்திரையைக் கொடுங்கள்” என்கிறார். பெரியவர் பக்கத்து நாற்காலியிலேயே அமர்ந்திருக்கிறார். வெளியே வந்ததும், “டாக்டர் என்னப்பா சொன்னார்?” என்று கேட்கிறார். “ஒன்றுமில்லையப்பா, சத்துக் குறைவாம்” என்கிறான் மகன்.

இதில் வைத்தியரை மாத்திரம் குறை கூறுவது நியாயமாகாது. அவருடைய அறைவாசலில் நூறு பேர் நிற்கிறார்கள். அன்றியும் “அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்” என்று முன்னதாகவே உள்ளே சென்று கேட்டுக்கொள்ளுபவர்கள் நாமே. அன்பினால் செய்கிறோம், அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அன்பு பெரியவருக்கு உரிய ஒன்றை அவருக்குத் தெரியாமலே எடுத்துக்கொள்ளுகிறது.

முதலில், படம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைத் தெரிந்துகொள்ளுவோம். மண்டையோட்டைத் திறவாமல் உயிருள்ளவரின் மூளையைக் காட்டும் சி.டி. ஸ்கேன் முதன்முதலாக 1971இல் லண்டன் மாநகரில் ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது. அதனை ஆக்கிய ஹவுன்ஸ்பீல்டு என்பவர் 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பிறகு வந்த எம்.ஆர்.ஐ. இன்னும் நுட்பமாகக் காட்டுவது. இவற்றால் பெரிய நன்மை என்னவென்றால், கீழே விழுந்ததால் மண்டைக்குள் கட்டிய இரத்தம், மூளையறைகளில் தேங்கிய நீர், கட்டி ஆகியவை தென்பட்டுவிடும். இவற்றில் சில சிகிச்சையால் தணியக் கூடியவை. சிறு சிறு இரத்தக் குழாய்கள் அடைபட்ட தழும்புகளும் தெரியும். அவை மேலும் பெருகாதிருக்க இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அடக்கி வைத்தல் வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் வீட்டுக்கே வரும் மாத்திரையைத் தவறாமல் உட்கொள்ளுவது இவ்வகையில் மூளைக்கும் செய்யும் உபகாரமாகும்.

ஆனால் “சுருக்கம்” என்ற சொல் இருக்கிறதே, அது மிகவும் ஏமாற்றக் கூடியது. வயது ஏற ஏறப் பெரும்பாலோருக்கும் மூளை சிறிது சுருங்கவே செய்யும். நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் என்னும் பாகம் வயதுக்கு மீறிச் சுருங்கியிருந்தால் வைத்தியர் ஐயுறுவார், அதுவும் ஐயமே. அமெரிக்காவில் 1986 முதல் கன்னிகாஸ்திரீகள் பலரை ஆயுள் முடியுமட்டும் ஸ்நோடன் என்னும் அறிஞர் பரிசோதித்து வந்தார். அவர்களுள் 101 வயது வாழ்ந்த சகோதரி ஒருவர் இறுதிவரை ஞாபகப் பரீக்ஷைகளில் நன்றாகவே தேறினார். மரித்த பின் பார்த்தபோது அவருடைய மூளையில் நோயின் அடையாளங்கள் நிறைந்திருந்தன! ஆகவே படம் வேறு, மனிதர் வேறு. ஸ்கேன் ரிப்போர்ட்டின் அடியில், நோயாளியின் நிலையோடு ஒத்துப் பார்த்து முடிவு செய்க என்னும் கருத்துடைய ஒரு வரி பெரும்பாலும் காணப்படும். நம்மில் அதனைப் படிப்பவர் இல்லை. நினைவுப் பரீக்ஷை, தைராய்டு, பி12 சத்து முதலிய இரத்தச் சோதனைகள், வீட்டார் சொல்லும் வரலாறு ஆகிய இவ்வளவும் சேர்ந்த பிறகே நோயின் பெயரைச் சொல்லலாகும்.

இனி, “அவரிடம் சொல்லி என்ன பயன்? அவருக்குத்தான் விளங்காதே” என்பார்க்கு விடை கூறுவேன். இந்நோய்க்குத் தம் பெயரை ஈந்த ஜெர்மானிய வைத்தியர் அல்ஸைமர், 1901இல் பிராங்பர்ட் நகரில் அகஸ்தே தேதர் என்னும் 51 வயது மாதைப் பரிசோதித்தார். அம்மாது தம் பெயரையே எழுத முடியாமல் தடுமாறியவர். எனினும் தம்மைத் தாமே இழந்துவிட்டதாக அவர் வாய்விட்டுச் சொன்னதை அவ்வைத்தியர் குறித்து வைத்திருக்கிறார். அவ்வளவு முற்றிய நிலையிலும் தமக்கு நேர்ந்தது அவருக்குப் புலப்பட்டிருந்தது. ஆரம்ப நிலையில் உள்ள நம் பெரியவருக்குப் புலப்படாதா? தன் பிள்ளைகள் தன்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துவதையும் அவர் அறிவார்.

“சொன்னால் மனம் உடைந்துவிடுவார்” என்பது மற்றோர் அச்சம். பெற்றோருக்கு இந்நோய் இருந்த 162 பேருக்கு, தங்கள் உடலில் அதற்கு ஏதுவான மரபணு உண்டா என்பதைச் சொல்லியும் சொல்லாமலும் ஆராய்ந்த முடிவு 2009இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. தக்கவாறு விளக்கிச் சொல்லப்பட்டவர்கள் நிலைகுலைந்து போகவில்லை. அவர்கள் நோயுற்றவர்கள் அல்லர். தாமே முன்வந்து கேட்டவர்கள். ஆதலால் அதனை நமக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆயினும் அதிர்ச்சி பெரும்பாலும் செய்தியில் இல்லை, செய்தியைப் போடும் விதத்தில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

நல்ல வைத்தியர் முதலில் நோயாளியைப் பார்த்து, “உங்களுக்கு என்ன நேர்ந்திருப்பதாக நினைக்கிறீர்கள்?” என்று கேட்பார். “படத்தில் கண்டதை எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம்?” என்பது அடுத்த கேள்வி. அறிய வேண்டாம் என்றால் அதுவும் அவர் உரிமையே. பிறகு படத்தைக் காட்டி, “இது பலருக்கும் உள்ளது, இது மட்டும் எனக்குக் கவலை தருகிறது” என்று பிரித்துச் சொல்லுவார். வெறுமனே “சுருக்கம்” என்று போட்டுவிட்டு அடுத்தவரை அழைக்க மாட்டார். ஒரே நாளில் அனைத்தையும் கொட்டாமல் மறுபடி வரச் சொல்லுவார். அப்படிச் செய்யாதவரிடம் நாமே மரியாதையுடன், “ஐயா, அப்பாவுக்கும் ஒரு வார்த்தை தமிழில் சொல்லுங்கள்” என்று கேட்கலாம்.

தாய்மார்கள் விஷயம் இன்னும் பரிதாபம். குழம்பில் இருமுறை உப்பிட்டாள் என்று மருமகள் குறை சொல்லுவாள். படம் எடுக்கும் செலவுக்கு மட்டும் யோசனை. எடுத்தாலும் அவளிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லுவதில்லை.

மறைப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அதைச் சங்க மேடையில் சொல்லாமல் வேறெங்கே சொல்லுவது? வீட்டில் இந்த நோய் என்று தெரிந்தால் பெண் கொள்ளவும் கொடுக்கவும் தடையாகும் என்று அஞ்சுகிறோம். தந்தையிடமிருந்து பிள்ளைக்கு நேரே இறங்கும் வகை மிக அரிது; அது பெரும்பாலும் நடுவயதிலேயே தலைகாட்டும். எழுபதில் வரும் மறதியைக் கண்டு சம்பந்தத்தை முறிப்பது அறியாமையே.

காலத்தே சொல்லுவதால் விளையும் பயனைக் கேளுங்கள். உயில் எழுதுவோர் தெளிந்த சித்தத்துடன் இருத்தல் வேண்டும். சாட்சிகள் இருவர் வேண்டும். அந்தத் தெளிவு உள்ளபோதே சொல்லாமல் விட்டால், பின்னர் பெருவிரல் ரேகை வாங்கி, அண்ணன் தம்பியர் கோர்ட்டுக்குப் போகிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தம் நோயின் தன்மையை அறியும் உரிமையை நோயாளிக்கு அளித்திருக்கிறது. நினைவையும் நிதானத்தையும் பெரிதும் குலைக்கும் நோய்கள் அதில் அடங்கும். பிற்காலத்தில் தமக்கு எவ்விதச் சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தம் சார்பில் பேசுவதற்கு ஒருவரை வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு நியமிக்கலாம். எந்த மகளிடம் இருக்க விருப்பம், மீன்பிடி வலையும் படகும் யாருக்கு, நகை யாருக்கு என்பதை அவர் வாயாலேயே கேட்டுவிடலாம்.

உதவிக்கு இடமில்லாமலும் இல்லை. சாரதா மேனன் அம்மையார் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ப் என்னும் ஸ்தாபனம் மறதி நோயாளிகளுக்கும் பராமரிப்போருக்கும் பணி செய்துவருகிறது. முதியோருக்கென 14567 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. ராயபுரத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி நமக்கு அண்மையிலேயே உள்ளது.

கடைசியாக ஒன்று. எடுத்த படங்களையும் ரிப்போர்ட்டையும் பரண்மேல் எறிந்துவிடாமல், தேதி எழுதிய உறையிலிட்டு வைத்திருங்கள். ஒரு படத்தைத் தனியே பார்ப்பதைவிட, ஒரு வருஷத்திற்கு முந்தையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே வைத்தியருக்கு அதிகம் விளங்கும்.