ஒரு பெயர் விடுபட்ட நாளிலிருந்து



1920 ஜூலை 28. கல்கத்தாவில் கூச் பிஹார் கோப்பைக்காக ஜோராபகான் கழகம் மோகன் பகானை எதிர்த்து இறங்குகிறது. ஜோராபகானின் பட்டியலில் தடுப்பாட்டக்காரர் சைலேஷ் போஸின் பெயர் இல்லை. அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கழகத்தின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரியே மன்றாடிப் பார்க்கிறார். கேட்பாரில்லை. போஸ் கிழக்கு வங்கத்துக்காரர் என்பதால்தான் ஒதுக்கப்பட்டார் என்று சௌதுரி நம்பினார். அவரும் அந்தப் பக்கத்து மண்ணைச் சேர்ந்தவர். அன்றோடு ஜோராபகானை விட்டு வெளியேறினார். ஆகஸ்ட் 1ஆம் தேதி நண்பர்களைத் திரட்டி ஒரு கழகம் தொடங்கினார். அதற்குத் தங்கள் மண்ணின் பெயரையே வைத்தார்கள்: ஈஸ்ட் பெங்கால்.

ஈஸ்ட் பெங்காலுக்கும் மோகன் பகானுக்கும் நடுவே நூறாண்டு தாண்டியும் தணியாத ஒரு போட்டி இப்படித்தான் தொடங்கியது. கோப்பைச் சண்டையோ பணத்தகராறோ அல்ல, ஒருவனை அவன் ஊரைப் பார்த்து ஒதுக்கிய வலி அதற்கு விதை. இந்த வரலாற்றில் பிறகு நடந்த நல்லதையும் கெட்டதையும் அந்த வலியை மறந்துவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

எதிரே நின்ற மோகன் பகான் சாதாரணக் கழகமா? 1889 ஆகஸ்ட் 15 அன்று பிறந்தது. 1911 ஜூலை 29 அன்று இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் (ஐ.எஃப்.ஏ.) கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவு அணியை 2–1 என்று வென்றது. பதினொரு பேரில் பூட்ஸ் போட்டவர் சுதிர் சாட்டர்ஜி ஒருவர்தான். மற்ற பத்துப் பேரும் வெறுங்காலோடு வெள்ளைச் சிப்பாய்களின் பூட்ஸுக்கு முன்னால் நின்றார்கள். சிப்பாய்களின் அணி முதல் கோல் அடித்து முந்தியது. பிறகு அணித்தலைவர் சிவதாஸ் பாதுரி ஒரு கோல் அடித்துச் சமன் செய்தார். அபிலாஷ் கோஷ் இன்னொன்று அடித்து முடித்துவைத்தார். ஆட்டம் பார்க்க இடம் கிடைக்காமல் வெளியே நின்ற கூட்டத்துக்குப் பட்டம் பறக்கவிட்டுத்தான் கோல் கணக்கைச் சொன்னார்கள். ஆள வந்தவனை அவன் ஆட்டத்திலேயே வெல்ல முடியும் என்று அடிமைப்பட்டுக் கிடந்த ஒரு நாடு அன்று கண்டுகொண்டது.

அந்தப் பதினொரு பேரில் பலரின் பூர்வீகம் கிழக்கு வங்கம்தான். அன்றைக்கு மோகன் பகான் இரு வங்கத்துக்கும் பொதுச் சொத்தாக இருந்தது. ஒன்பதே ஆண்டில் பிளவுக்கு வேறொரு கழகத்தின் பட்டியல் வழிவகுத்தது என்றால், அந்த நகரத்தில் கோட்டி என்று அழைக்கப்பட்ட மேற்கு வங்கத்தாருக்கும் பாங்கால் என்று அழைக்கப்பட்ட கிழக்கு வங்கத்தாருக்கும் நடுவே வெகுநாளாகவே ஒரு கசப்பு ஊறிக்கொண்டிருந்தது என்றுதான் பொருள். பேச்சு வழக்கைக் கேலி செய்வார்கள், சமையலைக் கேலி செய்வார்கள். வேலை தேடியும் படிப்பு தேடியும் வந்தவன் பொறுத்துக்கொண்டு போனான். அவனுக்குப் பதில் சொல்ல ஓர் இடம் தேவைப்பட்டது.

அந்த இடமும் எளிதில் கிடைத்துவிடவில்லை. கல்கத்தா லீக்கின் முதல் பிரிவில் இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் அனுமதியில்லை என்பது அன்றைய விதி. மேலே வருவதற்கு ஈஸ்ட் பெங்கால் தகுதி பெற்றபோது ஏற்கெனவே உள்ளே இருந்த இந்திய அணிகள் மோகன் பகானும் ஆரியனும். இரண்டுமே எதிர்த்தன. ஆங்கிலேயக் கழகங்கள் ஆதரித்தன. வெள்ளைக்காரனிடம் கிடைத்த நியாயம் சொந்தச் சகோதரனிடம் கிடைக்கவில்லையே என்ற மனக்குறையோடு அந்த அணி 1925இல் முதல் பிரிவுக்குள் நுழைந்தது. அந்த ஆண்டு மே 28 அன்று இரண்டும் லீக்கில் முதன்முறையாக மோதின. நேபாள் சக்கரவர்த்தி அடித்த ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் வென்றது.

அதுவரை இது ஒரு நகரத்துக்குள் நடந்த பங்காளிச் சண்டை. 1947 அதை வேறொன்றாக்கியது.

நாடு துண்டானது. கிழக்கு வங்கம் பாகிஸ்தானுக்குப் போனது. வீட்டைப் பூட்டிவிட்டும் பூட்டாமலும் ஓடிவந்தவர்கள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டினார்கள். சியால்தா ரயில் நிலையத்தின் நடைமேடைகளே பல குடும்பங்களுக்கு மாதக்கணக்கில் வீடாயின. கல்கத்தாவின் தென்புறத்தில், யாதவ்பூர் பக்கம், கைவிடப்பட்ட ராணுவ முகாமில் பிஜய்கட் என்ற குடியிருப்பு எழுந்தது. அதைப் போல எத்தனையோ. மூங்கிலும் ஓலையும் தகரமுமாக எழுந்த குடிசைகள். பட்டா கிடையாது, ரேஷன் அட்டைக்கு வரிசை, எங்கே போனாலும் அகதி என்ற பெயர்.

இந்த மக்களுக்கு ஊர் போய்விட்டது. நிலம் போய்விட்டது. வரைபடத்தில் கிழக்கு வங்கம் என்ற பெயரே சில ஆண்டுகளில் கிழக்கு பாகிஸ்தான் என்று மாறிவிட்டது. அந்தப் பெயர் தலைநிமிர்ந்து நின்ற இடம் கல்கத்தா மைதானத்தில், சிவப்பும் பொன்னுமான ஒரு சட்டையில். அன்றாடம் தோற்றுக்கொண்டிருந்த மனிதன் சனிக்கிழமை மாலையில் ஜெயித்தான். இதைப் புரிந்துகொள்ளாமல், இருபத்திரண்டு பேர் ஒரு பந்தை விரட்டுவதற்கு ஏன் இத்தனை ஆவேசம் என்று கேட்பவர்கள் அகதியின் நெஞ்சை அறியாதவர்கள்.

அந்தச் சட்டையை வெற்றிச் சட்டையாக்கியவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் யார் தெரியுமா? வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவரும் தெற்கேயிருந்து போனவர்கள். 1949 முதல் 1953 வரை இந்த ஐவர் முன்வரிசையைக் கல்கத்தா பஞ்ச பாண்டவர் என்று கொண்டாடியது. 1949இல் லீக், ஐ.எஃப்.ஏ. கேடயம், ரோவர்ஸ் கோப்பை மூன்றையும் ஒரே ஆண்டில் ஈஸ்ட் பெங்கால் அள்ளியது. கேடயத்தை 1949, 50, 51 என்று மூன்று முறை தொடர்ந்து வென்றது. ஊரைப் பார்த்து ஒருவனை ஒதுக்கியதால் பிறந்த கழகம், வங்க மொழி பேசாத தென்னாட்டார் ஐவரைத் தன் பிள்ளைகளாக எண்ணிக் கொண்டாடியது. இதை இந்த மேடையில் அழுத்திச் சொல்ல வேண்டும்.

மறுபக்கத்தையும் பாருங்கள். ‘சீனப் பெருஞ்சுவர்’ என்று புகழப்பட்ட கோஷ்டோ பால் மோகன் பகானின் கோட்டைக் கதவு. இன்று கல்கத்தா மைதானத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. அவர் பிறந்தது கிழக்கு வங்கத்து ஃபரீத்பூர் மாவட்டத்தில். 1962 ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த அணித்தலைவர் சுனி கோஸ்வாமி கடைசிவரை மோகன் பகானை விட்டு நகரவே இல்லை. அவர் பிறந்தது கிஷோர்கஞ்சில், அதுவும் கிழக்கு வங்கம். ரத்தத்தையும் மண்ணையும் வைத்துப் பிரித்ததாகச் சொல்லப்படும் கோடு, கிட்டப் போய்ப் பார்த்தால் நேர்க்கோடாக இல்லை.

ஆனால் சந்தையில் அந்தக் கோடு தெளிவாகத் தெரியும். ஈஸ்ட் பெங்கால் வென்றால் அன்றைக்கு ஹில்சா மீன் விலை ஏறும், மோகன் பகான் வென்றால் இறால் விலை ஏறும் என்பது கொல்கத்தாவில் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம்.

எழுபதுகளின் முதல் பாதி ஈஸ்ட் பெங்காலுடையது. 1970 முதல் 1975 வரை ஆறு ஆண்டுகள் லீக் பட்டம் அவர்களுக்கே. உச்சம் 1975 செப்டம்பர் 30. கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகானை 5–0 என்று சாய்த்தார்கள். ஷ்யாம் தாபா இரண்டு அடித்தார். அன்றிரவு மோகன் பகான் ரசிகர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். மறுபிறவியில் ஆட்டக்காரனாகப் பிறந்து இதற்குப் பழிதீர்ப்பேன் என்று எழுதிவைத்திருந்தாராம். இதைக் கழகப் பற்றின் பெருமைக் கதையாகப் பலர் சொல்லிவருகிறார்கள். வேண்டாம். ஒரு தாய் மகனை இழந்த கதை அது. கைதட்டுவதற்கு அதில் ஒன்றுமில்லை. அதன் பிறகு என்ன நடந்தது என்பதை மட்டும் கவனியுங்கள். அந்த 5–0 அணியின் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி அடுத்த ஆண்டே மோகன் பகானுக்கு மாறினார். 1976 ஜூலை 24 அன்று முகமது அக்பர் ஆட்டம் தொடங்கிய 17ஆம் நொடியில் ஈஸ்ட் பெங்கால் வலையில் பந்தைப் போட்டார். பழிதீர்க்க மறுபிறவி வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பத்து மாதம் போதுமானதாக இருந்தது.

அவையோரே, இனிச் சொல்வதைப் பொறுமையோடு கேளுங்கள்.

1980 ஆகஸ்ட் 16. ஈடன் கார்டன்ஸ். லீக் ஆட்டம். இரு கழகத்து ரசிகர்களும் ஒரே பார்வையாளர் வரிசையில் கலந்து அமர்ந்திருந்தார்கள். மோகன் பகானின் வேகமான விங்கர் பிதேஷ் போஸ். அவரை அடக்கும் வேலை ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித்துக்கு. ஒருமுறை இடித்தார், மறுமுறை இடித்தார். பிதேஷ் பொறுமையிழந்து திருப்பி உதைத்தார். இருவருக்கும் சிவப்பு அட்டை. களத்தில் முடிந்த சண்டை கூட்டத்துக்குள் தொடங்கியது. கல் பறந்தது. ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு கூட்டம் குறுகலான வழிகளை நோக்கி ஓடியது. நெரிசலில் 16 பேர் இறந்தார்கள்.

ஆட்டம் பார்க்கப் போனவர்கள் அவர்கள். எந்த அணி வென்றது என்று கேட்டால், எந்த அணியும் வெல்லவில்லை. இருபுறமும் ஒரு கோல்கூட விழவில்லை. அந்த நெரிசலைத் தடுத்திருக்க முடியும். ரசிகர்களைப் பிரித்து அமர்த்தியிருந்தால், வழிகள் அகலமாக இருந்திருந்தால், போதுமான காவல் இருந்திருந்தால் அந்தப் பதினாறு பேரும் வீடு திரும்பியிருப்பார்கள். பழியை ரசிகனின் வெறி மீது மட்டும் போட்டுவிட்டு நிர்வாகம் கைகழுவிவிட முடியாது. இன்றும் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தாவில் கால்பந்து ரசிகர்கள் வரிசையில் நின்று ரத்ததானம் செய்கிறார்கள். சிவப்பு-பொன் சட்டைக்காரன் கொடுத்த ரத்தம் பச்சை-அரக்குச் சட்டைக்காரனின் உடலில் ஓடும்.

ஆவேசம் அதனால் குறைந்துவிடவில்லை. 1997 ஜூலை 13, சால்ட் லேக் மைதானம், கூட்டமைப்புக் கோப்பை அரையிறுதி. வந்தவர்கள் 1,31,781 பேர். மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா வைர வியூகம் என்ற புதிய தாக்குதல் முறையால் அந்தக் கோப்பையில் எல்லோரையும் மிரட்டிக்கொண்டிருந்தார். ஆட்டத்துக்கு முன்னால் எதிரணி ஆட்டக்காரர்களுக்குப் பட்டப்பெயர் வைத்தார். பாய்ச்சுங் பூட்டியாவை ‘சுங் சுங்’ என்றார். ஈஸ்ட் பெங்கால் பக்கம் பயிற்சியாளர் யார்? அதே பி.கே. பானர்ஜி. பூட்டியா மூன்று கோல் அடித்தார். ஈஸ்ட் பெங்கால் 4–1 என்று வென்றது. சிக்கிம் மலைப்பிள்ளை ஒருவன் வாயால் பதில் சொல்லவில்லை, காலால் சொன்னான். மோகன் பகானின் பதில் 2009 அக்டோபர் 25 அன்று வந்தது. 5–3 என்ற வெற்றி. நைஜீரியாவின் எடே சிடி மட்டும் நான்கு கோல்.

பிறகு பணத்தின் காலம். மோகன் பகான் 2020இல் ஏ.டி.கே. என்ற கழகத்தோடு இணைந்தது. பெயருக்கு முன்னால் அந்த மூன்றெழுத்து ஒட்டிக்கொண்டது. ஈஸ்ட் பெங்கால் 2018 முதல் 2022 வரை மூன்று முதலீட்டாளர்களைப் பார்த்துவிட்டது. இரு அணிகளும் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) போட்டியில் முதன்முதலாக மோதிய 2020 நவம்பர் 27 ஆட்டம் கோவாவில், கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில் நடந்தது. ஏ.டி.கே. மோகன் பகான் 2–0 என்று வென்றது. கைதட்ட ஒருவரும் இல்லை. ஆனால் ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. அந்த மூன்றெழுத்தை எடு என்று மூன்றாண்டு போராடினார்கள். 2023இல் எடுக்கவைத்தார்கள். கழகம் முதலீட்டாளரின் பெட்டிக்குள் அடங்கும் பொருள் அல்ல என்று கொல்கத்தாவின் சாமானியன் நிரூபித்தான். நம் ஊர்க் கழகங்களை நடத்துபவர்களும் இதை மனத்தில் வைத்தால் நல்லது.

2024 ஆகஸ்ட். ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். நகரமே தெருவில் இறங்கியது. ஆகஸ்ட் 18 அன்று சால்ட் லேக்கில் டூரண்ட் கோப்பைக்காக இரு அணிகளும் மோதுவதாக இருந்தது. பாதுகாப்புக்குப் போதிய போலீஸ் இல்லை என்று ஆட்டத்தை ரத்து செய்தார்கள். ஆட்டம் இல்லாத அந்த மாலையிலும் ரசிகர்கள் மைதானத்துக்கு வந்தார்கள். மோகன் பகான் கொடியும் ஈஸ்ட் பெங்கால் கொடியும் ஒன்றாக நின்றன. நகரத்தின் இன்னொரு கழகமான முகமதன் ஸ்போர்ட்டிங்கின் ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். மழை பெய்தது, போலீஸ் தடியடி நடத்தியது. கூட்டம் கலையவில்லை, நியாயம் வேண்டும் என்றே முழங்கியது. மோகன் பகான் சட்டைக்காரர் ஒருவரின் தோள்மீது ஈஸ்ட் பெங்கால் சட்டைக்காரர் ஏறியிருந்த படம் நாடெங்கும் பரவியது. ஒரு பெண்ணின் மானத்துக்காக நூறாண்டுப் பகையாளிகள் தோள் கொடுத்தார்கள். மானம் காக்கப் பிறந்த போட்டி தன் பிறப்பை அன்றைக்கு நினைவில் வைத்திருந்தது.

அதற்காக அவர்கள் ஆட்டத்தில் விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 19 அன்று, அதே சால்ட் லேக்கில் ஐ.எஸ்.எல். ஆட்டம். எதிரெதிர் வரிசைகளில் பிரிந்து உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினார்கள். ஜேமி மெக்லாரன் ஒன்று, திமித்ரி பெட்ராடோஸ் பெனால்டியில் ஒன்று. மோகன் பகான் 2–0 என்று வென்றது. ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் அடுத்த ஆட்டத்தின் தேதியைப் பேசிக்கொண்டே வீடு திரும்பினார்கள்.