போனில் ஒரு குரல்

ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பம் பக்கம் ஒரே திண்ணையில் தமிழும் தெலுங்கும் கலந்து கேட்கும். 'நான் வந்தேன்' என்றாலும் 'நேனு வச்சானு' என்றாலும் சொன்னவர் ஆணா, பெண்ணா என்று தெரியாது. இந்தியில் வினைச்சொல்லே பல இடங்களில் காட்டிக்கொடுத்துவிடும். நம்மிடம் சிக்கல் வருவது, அடுத்தவர் நம்மைப் பற்றிச் சொல்லும்போதுதான்: வந்தானா, வந்தாளா?

போனில் அதை முடிவு செய்வது குரல். ஒரு திருநங்கை கேஸ் சிலிண்டர் பதிவு செய்யக் கூப்பிட்டால், 'சொல்லுங்க சார்' என்று பதில் வரும். எவ்வளவு வலிக்கும்! பருவ வயதில் தடித்துவிட்ட குரல்நாண், பெண் ஹார்மோன் எடுத்துக்கொண்டாலும் மெலியாது. திருநம்பிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் குரலைத் தாழ்த்தித் தரும். திருநங்கைகளுக்குப் பெரும்பாலும் பயிற்சிதான் வழி. சுருதியை ஏற்றினால் மட்டும் போதாது. ஒலி தொண்டையிலும் வாயிலும் முழங்கும் விதம், வாக்கியம் ஏறி இறங்கும் விதம் எல்லாம் மாற வேண்டும். மாதக்கணக்கான உழைப்பு அது.

சட்டமும் ஒரு படி நகர்ந்தது: 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று, கோவையின் லோட்டஸ் தொலைக்காட்சியில் திருநங்கை பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். குரலையே தொழிலாகக் கொண்டு ஒருவர் டிவி வழியே வீடுவீடாக வந்தது எனக்கு இன்றும் பெருமையான செய்தி.

கவுன்டரிலும் கடையிலும் போன் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாரென்று தெரியாதபோது, 'சொல்லுங்க' போதும், தெலுங்கில் 'செப்பண்டி'. சாரும் வேண்டாம், மேடமும் வேண்டாம். மரியாதை அதிலேயே முழுசாக இருக்கிறது.