பெயர் யாருக்கு?



புளூஸ் என்பது அமெரிக்காவின் தென் மாகாணங்களில், அடிமைகளாய் இருந்தவர்களின் சந்ததியார் பருத்திக் காட்டில் பாடுபட்டுக்கொண்டே உண்டாக்கிய பாட்டாகும். 1920-ல் மேமி ஸ்மித் என்கின்ற கறுப்பு மாது பாடிய இசைத்தட்டு ஏராளமாய் விற்ற பிறகுதான், இந்த ஜனங்களும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்கின்ற புத்தி கம்பெனிக்காரர்களுக்கு வந்தது.

அது கிடக்கட்டும். அப்பாட்டுகளைத் தேடிப் பதிந்தவர் யார் என்றால், படித்தவர்கள் உடனே ஆலன் லோமாக்ஸ் என்பார்கள். அவர் உழைப்பை நாம் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால், 1941-ல் மிசிசிப்பியில் மட்டி வாட்டர்ஸ் என்கின்ற பண்ணைத் தொழிலாளியின் பாட்டைப் பதிந்தபோது கூட இருந்தவர், ஃபிஸ்க் சர்வகலாசாலையின் கறுப்பு ஆசிரியரான ஜான் வொர்க். இவ்வாராய்ச்சிக்கு 1940-லேயே யோசனை சொன்னவரும், பாட்டுகளைக் கேட்டுச் சுரப்படுத்தி எழுதினவரும் அவரே.

கண்ட பலன் என்ன? லோமாக்ஸ் 1993-ல் வெளியிட்ட புத்தகம் பரிசு பெற்றது. வொர்க்கோ 1967-லேயே மாண்டார். அவரும் கூட்டாளிகளும் எழுதி வைத்தது 2005-ல்தான் அச்சேறிற்று!

பாடினவனும் கறுப்பன், பாட்டை எழுதி வைத்தவனும் கறுப்பன். பெயர் மாத்திரம் வேறொருவருக்கா என்று கேட்கின்றோம். ஆகவே, எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், அட்டையில் யார் பெயர் இருக்கிறதென்று பார்ப்பதோடு நில்லாமல், யார் பெயர் இல்லை, ஏன் இல்லை என்றும் கேளுங்கள்.