மருமகள் வந்தாச்சு, பத்திரம் வந்ததா?



சங்கத்தின் பொன்விழாவில் எல்லாரும் பழைய நினைவுகளைப் பேசுகிறார்கள். எங்களுக்கு மட்டும் பாரம், முத்திரை, கையெழுத்து பற்றிப் பேசும் பொறுப்பைத் தந்திருக்கிறார்கள். பரவாயில்லை. கடல் கடந்து வாழ வந்த பெண் ஒருவராவது இல்லாத குடும்பம் நம்மிடையே அரிது. உம்மாவாக இருப்பார், மாமியாக இருப்பார், போன வருடம் வந்த மருமகளாக இருப்பார்.

நம் பாட்டனார் காலத்தில் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. காரணம், பெண்கள் பெரும்பாலும் வரவே இல்லை. ஆண்கள் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிச் சபருக்கு வந்தார்கள். மனைவி மக்கள் ஊரில் இருந்தார்கள். கடையநல்லூர், தென்காசிக்காரர்கள்தான் குடும்பத்தோடு பெயர்ந்து வந்தவர்கள். 1952இல் இயற்றிய குடிநுழைவுச் சட்டம் மறு ஆண்டு ஆகஸ்டு முதல் தேதி நடப்புக்கு வந்த பிறகு, நினைத்தபோது கப்பலேறி வருவது நின்றது. அடுத்து 1969இல் வேலை பெர்மிட் கெடுபிடி வந்தது. குடியுரிமை எடுக்காமல் சிவப்பு ஐசியோடு இருந்த எத்தனையோ பேர் கடையைக் கைமாற்றிவிட்டு ஊர் திரும்பினார்கள். அவர்களில் பலருக்கு மனுச் செய்யும் தகுதி இருந்தது. "அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிட்டார்கள். அதே வார்த்தையை இன்று மருமகள் விஷயத்திலும் கேட்கிறோம். அதனால்தான் இந்தப் பழங்கதை.

நம்மவர்கள் பலர் முதலில் போய் நிற்பது இந்தியத் தூதரகத்தில். காமன்வெல்த் நாடுகளுக்குள் அதற்கு ஹை கமிஷன் என்று பெயர். டாக்சிக்காரரிடம் எம்பசி என்று சொன்னாலும் கொண்டுபோய் விடுவார். காலையில் தஞ்சோங் மாலிமில் கொமுட்டர் ஏறி, கோலாலம்பூர் போய், வரிசையில் நின்று, "என் மனைவிக்கு இங்கே தங்க அனுமதி வேண்டும்" என்று கேட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? இந்தியக் கடப்பிதழைப் புதுப்பிப்பார்கள். இந்தியக் குடியுரிமையைத் துறந்தால் அதற்குச் சான்றிதழ் தருவார்கள். மலேசியாவில் தங்கும் அனுமதியைக் கொடுப்பது மலேசியக் குடிநுழைவுத் துறை மட்டுமே. அந்தத் துறையோ முதலில் நிக்காஹ் இந்நாட்டில் பதிவாகியிருக்கிறதா என்று கேட்கும்.

இந்த இடத்தில்தான் நம் குடும்பங்கள் அதிகம் இடறுகின்றன. ஊரில் ஜமாஅத் தஃப்தரில் கையெழுத்தானது, ஐந்நூறு பேர் பிரியாணி சாப்பிட்டார்கள், இதைவிட என்ன சாட்சி என்று நினைக்கிறோம். மார்க்கப்படி நிக்காஹ் நிறைவுதான். ஆனால் தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்தாரும் திருமணத்தைச் சார்பதிவாளரிடம் 90 நாளுக்குள் பதிய வேண்டும். அந்தச் சான்றிதழை இந்திய வெளியுறவு அமைச்சின் முத்திரையோடு சென்னையிலுள்ள மலேசியத் துணைத் தூதரகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். விடுப்பு முடிகிறது என்று மாப்பிள்ளை பத்தே நாளில் விமானம் ஏறிவிட்டால், இதற்கெல்லாம் பெண்ணின் தகப்பனார்தான் பேருந்தில் அலைகிறார்.

இங்கே, வெளிநாட்டில் நிக்காஹ் முடித்த முஸ்லிம் அதை ஆறு மாதத்துக்குள் பதிய வேண்டும் என்பது இஸ்லாமியக் குடும்பச் சட்டம். ஊரிலிருக்கும்போதே மலேசியத் துணைத் தூதரகத்தில் செய்யலாம். அதற்குள் திரும்பிவிட்டால் இங்குள்ள சமயத் துறையில் செய்யலாம். புறப்படுவதற்கு முன்பே அங்கே அனுமதி கேட்டுவிடுவது இன்னும் நல்லது. தவறவிட்டால் ஷரியா நீதிமன்றப் படியேறி, நடந்த நிக்காஹை மெய்ப்பிக்க வேண்டிவரும். மறைத்து இரண்டாம் கல்யாணம் செய்பவருக்கு விரித்த வலையில், முதல் கல்யாணம் செய்த நல்ல பிள்ளையும் சோம்பலால் மாட்டுகிறான்.

நம் ஊருக்கென்று ஒரு சங்கடமும் உண்டு. குடும்பச் சட்டம் மாநிலத்துக்கு உரியது. பெர்ணம் ஆற்றுக்கு இந்தப் பக்கம் பேராக், பாலத்தைக் கடந்தால் உலு பெர்ணம், அது சிலாங்கூர். ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுகிற இருவர் வெவ்வேறு மாநிலத்துச் சமயத் துறைக்குப் போக வேண்டியிருக்கும். ஐசியில் உள்ள முகவரியையும் இப்போது குடியிருக்கும் வீட்டையும் ஒத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பதிவு முடிந்தால் மனைவிக்கு நீண்டகாலச் சமூக வருகை அனுமதிக்கு மனுச் செய்யலாம். கணவரே பொறுப்பாளர், அவர் கையெழுத்து வேண்டும். இந்த அனுமதியோடு சம்பளத்துக்கு வேலை செய்யத் தனி ஒப்புதல் வேண்டும். சொந்தக் கடைதானே என்று மனைவியைக் கல்லாவில் உட்கார வைப்பவர்கள் இதை விசாரித்துவிட்டு உட்கார வையுங்கள். ஐந்தாண்டு தொடர்ந்து இப்படி இருந்தவர் நிரந்தர வசிப்பிடத்துக்கு, அதாவது சிவப்பு ஐசிக்கு, மனுச் செய்யலாம்.

செய்யாமல் விட்டால் என்ன? நம் குடும்பங்களில் ஒரு சகோதரி, பெயர் வேண்டாம், பதினொரு ஆண்டு இங்கே வாழ்ந்தவர். மூன்று பிள்ளைகளுக்கும் நீல ஐசி. ஒவ்வொரு முறையும் கணவர் அனுமதியைப் புதுப்பித்ததோடு சரி. அவர் மாரடைப்பில் மவுத்தானபோது அனுமதி முடிய இரண்டு மாதம் இருந்தது. இத்தாவோ நான்கு மாதம் பத்து நாள். பொறுப்பாளர் இல்லை, வீட்டுப் பத்திரங்கள் எங்கே என்றும் அவருக்குத் தெரியாது. இத்தாவிலேயே முகப்பில் போய் நின்றார். கணவரின் தம்பி பொறுப்பேற்று, குறுகிய நீட்டிப்புகளில் காலம் ஓடியது. பிள்ளைகளின் தாய், பிள்ளைகளின் நாட்டில் விருந்தாளி. ஐந்தாம் ஆண்டிலேயே மனுச் செய்திருந்தால் கிடைத்திருக்கும் என்று உறுதி சொல்ல எங்களால் முடியாது. ஆனால் கோப்பு ஒன்று அவர் பெயரில் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

நீல ஐசி வரை போவதா என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும். அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, குடிமகனின் மனைவி இங்கு வாழ்ந்து குடியுரிமை கேட்க வழி வைத்திருக்கிறது. நடைமுறையில் சிவப்பு ஐசி முதலில் வர வேண்டும். ஆனால் மலேசியாவும் இந்தியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இதை வாங்கினால் அது போய்விடும்; அந்தக் கடப்பிதழை ஹை கமிஷனில் ஒப்படைக்க வேண்டும். பிறகு ஓசிஐ அட்டை எடுத்தால் உம்மா வீட்டுக்கு விசா இல்லாமல் போய்வரலாம். ஓட்டுப் போட முடியாது, புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது. இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கையெழுத்துக் கேளுங்கள். மாமியார், நாத்தனார் சூழ்ந்து நின்று "போடும்மா" என்பது நியாயமில்லை.

வெளிநாட்டு மருமகனுக்கு வழி இன்னும் நீளம். 15ஆம் பிரிவு மனைவிக்குத்தான், கணவனுக்கு இல்லை. அவர் குடியுரிமை கேட்க, கடந்த பன்னிரண்டு ஆண்டில் பத்தாண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். நம் பெண் மக்களைப் பெற்றோருக்கு இது நீதியாகத் தெரியாது, எங்களுக்கும் தெரியவில்லை. மலேசியத் தாய்மார் வெளிநாட்டில் பெறும் பிள்ளைகளுக்கும் தந்தைமாருக்குரிய அதே உரிமை தரும் திருத்தத்தை மக்களவை 2024 அக்டோபர் 17இல் நிறைவேற்றியது. மருமகன்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண் ஊருக்குப் போனால், பிள்ளை பிறந்த ஓராண்டுக்குள் மலேசியத் துணைத் தூதரகத்தில் பதிந்துவிடுங்கள். நாற்பதாம் நாள் கொண்டாட்டத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கேட்கிறோம். மருமகளின் கடப்பிதழ், நிக்காஹ் சான்றிதழ், அனுமதியின் நகல், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் இவற்றை ஒரே உறையில் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மாமியார் அலமாரியில் பூட்டி வைப்பது பாதுகாப்பு ஆகாது. பாரம் மலாயில் இருக்கிறது, புரியவில்லை என்பவர்களுக்கு நிரப்பித் தர நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஞாயிறு அசருக்குப் பிறகு சங்கத்துக்கு அந்த உறையோடு வாருங்கள். கணவரையும் அழைத்து வாருங்கள், கையெழுத்து அவருடையது.