எருவுக்கு இல்லாத இழிவு



நாமக்கல் பக்கம் சென்று பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் கோழிப்பண்ணை. கூண்டுக்கடியில் குவியும் எச்சத்தை லாரி லாரியாக ஏற்றி, விலை பேசி, விற்கிறார்கள். முகம் சுளிப்பவர் எவர்? காசு எண்ணும் விரலுக்கு நாற்றம் தெரிவதில்லை! சேலத்துச் சவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கைப் பிழிந்தபின் மிஞ்சும் திப்பியும் தீவனமாக விலை போகிறது. கழிவைக் காசாக்கும் கலை இந்த மண்ணுக்குப் புதிதன்று.

ஆனால், அதே ஊரில், "அடுப்படிக் கழிவை உரமாக்கக் கற்றுத் தருகிறோம், வாருங்கள்" என்று அழைத்துப் பாருங்கள்! "குப்பை அள்ளவா என் மகளைப் படிக்க வைத்தேன்?" என்று சீறுகிறது ஒரு வீடு. "அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்களே!" என்று சிரிக்கிறது மறுவீடு.

அதற்கென்று ஆட்கள்! யார் அந்த ஆட்கள், தோழரே? எந்தத் தெருவில் பிறந்தவர்கள்? யார் முடிவு செய்தது?

பயிற்சி என்ன, மலையைப் புரட்டுவதா? காய்கறித் தோலோடு காய்ந்த சருகைக் கலக்க வேண்டும். ஈரம் காக்க வேண்டும். காற்றுப் புகக் கிளற வேண்டும். பெரிய குவியலானால் உள்ளே வெப்பம் 55, 60 பாகைக்கு ஏறும். நோய்க்கிருமியும் களைவிதையும் அதிலேயே மடியும். சூடு தணிந்த பின்பே மண்புழுவை விட வேண்டும். முன்பே விட்டால் புழு செத்துப்போகும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலும், சேலத்தை அடுத்த சந்தியூரிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. அறிவுக்குப் பஞ்சமில்லை. கை நீட்டத்தான் கூச்சம்.

வீடுதோறும் சென்று குப்பை பெற்று, 2000-களின் தொடக்கத்தில் 'குப்பையில்லா நகர்' என்று பெயரெடுத்ததே நாமக்கல், அந்தப் பெயரை ஈட்டிக் கொடுத்தவை யாருடைய கைகள்? மக்குவது, மக்காதது, தீங்கானது என மூன்றாகப் பிரித்துத் தரும் கடமையை வீட்டார் மீது வைத்தது 2016-ஆம் ஆண்டு விதி. நாம் செய்வதென்ன? ஊசிய சாம்பாரையும் உடைந்த கண்ணாடியையும் ஒரே பையில் முடிந்து வீசுகிறோம். அதைப் பிரிக்கத் தூய்மைப் பணியாளர் கைவிடும்போது கீறுகிறதே கண்ணாடி, அப்போது வழியும் குருதி நம் கணக்கில் சேராதா?

1944 ஆகஸ்டில், இதே சேலத்தில்தான், நீதிக்கட்சி திராவிடர் கழகமாயிற்று. பிறப்பால் தொழில் என்பதைப் பொசுக்கப் புறப்பட்ட படை பெயர் பூண்ட ஊர் இது. இங்கேயா "அதற்கென்று ஆட்கள்"?

பிறரை மட்டும் குறை கூறேன். மேடையில் கைதட்டல் வாங்க, வில்லனைப் பார்த்துக் "குப்பைக்காரப் பயலே" என்று ஏச வசனம் எழுதியவன் நான். கைதட்டலும் கிடைத்தது. வசனத்தை இன்று அடித்துவிட்டேன். கைதட்டியவர்களின் நெஞ்சில் ஊன்றியதை எப்படி அடிப்பேன்?

பயிற்சியைத் தூய்மைப் பணியாளருக்கும் மகளிர் குழுவுக்கும் மட்டுமே ஒதுக்குவதும் பழைய பங்கீட்டின் புதுப்பதிப்பே. கடைவீதியாரும் வரட்டும், ஆசிரியரும் வரட்டும், எங்கள் கட்சிக்காரர்கள் முதலில் வரட்டும். விளையும் உரத்தின் வருவாயில் பணியாளருக்குப் பங்கு இருக்கட்டும்.

அடுத்த அழைப்பு வரும்போது, வீட்டுத் தலைவரே, நீங்களே புறப்படுங்கள். துணைவியாரை மட்டும் அனுப்பிவிட்டுத் திண்ணையில் நாளேடு படித்துக்கொண்டிராதீர்கள், அது இந்த நாளேடாகவே இருந்தாலும்!